எந்தத் தட்டில் வைப்பது?

இலக்கிய விமர்சனம் என்றதும் கவிதையும் சிறுகதையும் நாவலுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் உள்ளடக்கம் யாது, உருவம் யாது, அவை எவருடைய குரலாக ஒலிக்கின்றன என்று ஆராய்கின்றோம். ஆனால் இன்று கவிதையையும் நாவலையும்விட மிகுதியாக வாசிக்கப்படும் ஓர் எழுத்து உண்டு. அதற்கு ஆசிரியர் பெயர் இல்லை; முன்னுரை இல்லை; வெளியீட்டு விழாவும் இல்லை. ஆதலால் அதனை எவரும் விமர்சிப்பதுமில்லை. இணையக் கடைகளின் வகைப் பட்டியலையே இங்குக் குறிப்பிடுகின்றோம்.

எப்பொருளை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்ற கேள்வி வெறும் கடைக் கணக்கைச் சேர்ந்ததெனப் பலர் கருதக்கூடும். உண்மை வேறு. ஒரு பொருளைத் தலைப்பொன்றின்கீழ் வைப்பது, அதன் தன்மை இன்னதெனத் தீர்ப்புக் கூறுவதாகும். அத்தீர்ப்பை ஆராய்ந்து கூறுவது விமர்சகனின் கடமை. இன்று அதனை வியாபாரி கூறிவிடுகின்றான். நாமோ கண்டுங் காணாதவர்போல் இருக்கின்றோம். தமிழில் நூல் என்ற சொல் தறியில் ஏறும் இழைக்கும் கையில் ஏந்தும் புத்தகத்திற்கும் பொது. கல்முனைக் கரையோரம் இவ்விரு நூலுக்கும் பெயர் பெற்றது. ஆகவே அவ்விரண்டையும் உதாரணமாகக் கொண்டு இவ்விடயத்தை ஆராய்வது பொருத்தமாகும்.

முதலில் கடைத்தெருவைப் பார்ப்போம். கல்முனையில் ஒரு புடைவைக் கடைக்குள் நுழைகின்றவரிடம் கடைக்காரர் கேட்பது, "பெருநாளைக்கா, கலியாணத்துக்கா, வீட்டில உடுக்கவா?" என்பதே. மறுமொழியைக் கேட்ட பின்னரே தட்டிலிருந்து துணி இறங்குகின்றது. நேற்று ஒருவருக்குப் பெருநாள் உடுப்பாக விற்ற அதே துணியை இன்று வேறொருவருக்கு அன்பளிப்பாக அவர் கட்டிக் கொடுப்பார். அங்கே வகை என்பது இரு மனிதருக்கிடையே நிகழும் உரையாடலிற் பிறக்கின்றது. தேவை மாறும்போது வகையும் மாறுகின்றது. இம்முறைக்குக் குறைகளும் உண்டு. கடைக்காரர் தமக்கு இலாபந் தரும் துணியையே முதலில் விரித்துக் காட்டுவார் என்பதை யாவரும் அறிவர். எனினும் வாங்குபவர் மறுத்துப் பேசலாம்; மேல்தட்டிலுள்ளதை எடுக்கச் சொல்லலாம்.

இணையக் கடையில் அவ்வுரையாடல் முன்கூட்டியே முடிந்துவிடுகின்றது. பொருளை ஏற்றுகின்றவர் ஒரு படிவத்தை நிரப்பவேண்டும். பெருங்கிளை, சிறுகிளை, கொப்பு என மரம்போல் விரியும் பட்டியலில் ஒரு முனையைத் தெரிவுசெய்யவேண்டும். பட்டியலில் இல்லாத வகையை அவர் புதிதாகச் சேர்க்க முடியாது. அடுத்து வர்த்தகப் பெயர், நிறம், அளவு, துணியின் இனம் என்ற கட்டங்கள் வரும். எதற்குக் கட்டம் உண்டோ அதுவே தேடுபவரின் கண்ணுக்குப் படும். கட்டம் இல்லாத உண்மை அந்தக் கடையைப் பொறுத்தவரை இல்லாத உண்மையாகும். படிவத்தை வகுத்தவர் இங்கு வந்து எவரையும் கேட்டறிந்தவரல்லர். அவருக்கு மருதமுனை என்ற பெயரே தெரிந்திராது.

ஓர் உதாரணம் கூறுவோம். கூகுள் நிறுவனம் விற்பனையாளர்களுக்கென வெளியிட்டிருக்கும் பொருள் வகைப் பட்டியலில் 5,000க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அதிலே ஆடை என்ற கிளையின்கீழ் மேற்சட்டைக்கும் காற்சட்டைக்கும் பாவாடைக்கும் நேரடியான இடங்கள் இருக்கின்றன. சேலைக்கு அத்தகைய இடம் இல்லை. 'மரபு ஆடைகளும் சடங்கு ஆடைகளும்' என்ற துணைக்கிளையிலே, ஜப்பானியரின் கிமோனோவுக்கு அண்மையில், வட இந்தியரின் லெஹெங்காவுடன் சேர்த்து அது வைக்கப்பட்டுள்ளது. இலங்கையின் பாடசாலைகளுக்கு எத்தனையோ ஆசிரியைகள் காலைதோறும் உடுத்திச் செல்லும் ஆடை, பஸ்ஸில் நெரிபட்டுக் கசங்கும் ஆடை, இப்பட்டியலின் கண்ணுக்குச் சடங்கு ஆடையாகத் தோன்றுகின்றது! காற்சட்டை உடுப்பவன் வெறும் மனிதன். சேலை உடுப்பவள் மரபின் பிரதிநிதி. இத்தீர்ப்பை எவரும் வாதாடிப் பெறவில்லை. ஒரு கிளையை எங்கே ஒட்டுவது என்ற சிறு வேலையின் மூலம் அது சத்தமின்றி நிறைவேறிவிட்டது.

மருதமுனையின் கைத்தறிக்கு இதனால் நேர்வது யாது? சாரனும் சேலையும் அவ்வூரின் பழைய தொழில். இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் உள்நாட்டுத் தறிகளுக்குச் சந்தை இருந்தது. 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரக் கொள்கை மலிவான இறக்குமதித் துணிக்குக் கதவைத் திறந்துவிட்டது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப் பேரலை இக்கரையோர ஊர்களைச் சூறையாடிச் சென்றது. இவ்வளவையும் கடந்து வந்த துணியைக் கைவினை அல்லது பரிசுப் பொருள் என்ற தட்டில் வைத்து விற்கும் வழக்கம் இன்று பரவிவருகின்றது. அத்தட்டில் விலை சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம் என்பது மெய்யே. ஆயின் நாளாந்தம் உடுக்கச் சாரன் தேடும் ஒருவர் பரிசுப் பொருள் தட்டுக்குச் செல்லமாட்டார். அவருக்கு ஆலையில் நெய்து வந்த துணியே காட்டப்படும். இவ்வாறு கைத்தறித் துணி மக்களின் உடுப்பு என்ற நிலையிலிருந்து விலகி, சுற்றுலாப் பயணியின் ஞாபகச் சின்னம் என்ற நிலைக்குத் தள்ளப்படுகின்றது. புகழ்ச்சியின் உருவில் வரும் வெளியேற்றம் இது.

அதனினும் முக்கியமானது வர்த்தகப் பெயர் என்ற கட்டம். அதிலே துணியை வாங்கி விற்கின்றவரின் பெயர் ஏறுகின்றது. தறியில் இருந்தவரின் பெயருக்குக் கட்டமே கிடையாது. கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' பண்டத்தைப் பற்றிய ஆராய்ச்சியுடனேயே தொடங்குகின்றது. மனிதருக்கிடையேயான உழைப்பு உறவு, சந்தையில் பொருளுக்கும் பொருளுக்கும் இடையேயான உறவாக மாறித் தோன்றும் மாயத்தை அவர் அங்கு விளக்கினார். அம்மாயத்தைக் கண்ணாற் காண விரும்பும் மாணவர் இணையக் கடையொன்றின் படிவத்தைத் திறந்து பார்த்தாற் போதும். நிறத்திற்கு ஒரு கட்டம், நீளத்திற்கு ஒரு கட்டம், எடைக்கு ஒரு கட்டம். உழைத்தவனுக்கு மட்டும் இல்லை.

பொருள்களை வகுத்துரைப்பது நம் மொழிக்குப் புதிய காரியமன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் குவிந்த பண்டங்களை அடுக்கிச் சொல்கின்றார். கடல்வழி வந்த குதிரை, மிளகு மூடை, வடமலைப் பொன், மேற்கு மலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடற் பவளம் என அது விரிகின்றது. ஈழத்திலிருந்து வந்த உணவுப் பொருளும் அவ்வரிசையில் உண்டு. இங்கு வகுப்பின் அடிப்படை, பண்டம் எங்கிருந்து வந்தது என்பது. சுங்க முத்திரை குத்தப்படும் துறைமுக நகரைப் பாடுகின்றவருக்கு அதுவே இயல்பாகத் தோன்றும் கேள்வி. முத்துக்குளித்தவர் எவர், மிளகு பறித்தவர் எவர் என்பது அவ்விடத்திலிருந்து தெரியாது. ஆகவே வகுப்பவன் எங்கே நிற்கின்றான் என்பதே வகுப்பை நிச்சயிக்கின்றது என்ற உண்மை நமக்குப் புலனாகின்றது.

அறிவுலகத்திலும் இவ்வுண்மை செல்லும். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசாம்ச வகுப்பு முறையை நம் நாட்டு நூலகங்களிற் பலவும் கைக்கொண்டுள்ளன. அதில் சமயத்திற்கு 200 முதல் 299 வரையான எண்கள் உண்டு. அவற்றில் 220 தொடக்கம் 289 வரை கிறித்தவத்திற்கே வழங்கப்பட்டன. உலகத்து இஸ்லாம் முழுவதற்கும் 297 என்ற ஓர் எண். இலக்கியத்திற்கான 800களில் ஆங்கிலத்திற்கும் ஜெர்மனுக்கும் பிரெஞ்சுக்கும் இத்தாலியத்திற்கும் தனித்தனிப் பத்துகள் கிடைத்தன. ஏனைய மொழிகளிற் பெரும்பாலானவை 890 என்ற ஒரே பத்துக்குள் நெருக்கப்பட்டன. ஈராயிரம் ஆண்டு இலக்கியமுடைய தமிழ் 894.811 என்ற எண்ணில், புள்ளிக்கு அப்பால் மூன்று இலக்கம் தள்ளி நிற்கின்றது. டூயி தமிழருக்கு எதிரி என்று இதற்குப் பொருளில்லை. அவர் தம் கல்லூரி நூலகத்தின் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு உலகத்தை வகுத்தார், அவ்வளவே. ஆனால் அத்தட்டு உலகெங்கும் பரவியபோது அவர் நின்ற இடமே உலகத்தின் மையமாயிற்று.

இனி இக்கரையோரத்தின் புத்தகங்களைப் பார்ப்போம். புத்தகமும் ஒரு பண்டமே. அதற்கும் படிவம் உண்டு. பெயரை மாத்திரம் பார்த்து வகுப்பதனால் நேரக்கூடிய வேடிக்கைகளை முதலிற் கூறிவிடலாம். பெரியநீலாவணையிற் பிறந்த நீலாவணனின் 'வேளாண்மை' அவர் மறைந்த பின்னர் 1982இல் நூலாயிற்று. அது ஒரு காவியம். தலைப்பை மட்டும் நோக்கும் கணினி அதனை உரத்தையும் களைநாசினியையும் பற்றிய நூல்களுக்கு நடுவே வைத்துவிடக்கூடும். கல்முனைக் கவிஞர் சோலைக்கிளியின் 'எட்டாவது நரகம்' 1988இல் வெளிவந்தது. அதன் பெயரைக் காணும் வியாபாரி அதனைச் சமயத் தட்டுக்கு அனுப்பினால் வியப்படைவதற்கில்லை. இவை சிரித்துவிட்டுத் திருத்தத்தக்க பிழைகள்.

ஆயினும் அவ்விரண்டாவது பிழையைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நரகத்தின் வாயில்கள் ஏழு என்பது இஸ்லாமிய மரபு. அம்மரபை அறிந்த வாசகனுக்கே 'எட்டாவது' என்ற சொல்லின் கூர்மை முழுதாகப் புரியும்: அது வேதம் கூறாத நரகம், மனிதர் மண்ணிலே கட்டிக்கொண்ட நரகம். ஆகவே இத்தலைப்புக்குச் சொற்பொருள் கொடுப்பது சமய மரபு; அது சுட்டிநிற்பதோ போர் சூழ்ந்த காலத்தின் வாழ்வு. சமயத் தட்டில் வைத்தால் இரண்டாவது மறைகின்றது. மரபைப் புறக்கணித்துப் பொதுவான கவிதைத் தட்டில் வைத்து அத்துடன் விட்டுவிட்டால் முதலாவது மறைகின்றது. வகுப்பது எளிய வேலையன்று என்பதற்கு இந்த ஒரு தலைப்பே போதிய சான்று.

சிரிக்க முடியாத பிழை வேறொன்று உண்டு. தமிழ்ப் புத்தகங்களை விற்கும் இணையக் கடைகளில் கவிதை, சிறுகதை, நாவல், கட்டுரை என்ற தட்டுகளுக்குப் பக்கத்திலேயே ஈழம், இஸ்லாம், பெண்ணியம், தலித்தியம் என்ற தட்டுகளும் காணப்படுவது வழக்கம். முதல் நான்கும் எழுத்தின் உருவத்தைக் கூறுகின்றன. பின்னைய நான்கும் எழுத்தின் பொருளைக் கூறுவனபோல் தோன்றினும், நடைமுறையில் எழுதியவர் யார் என்பதையே பெரும்பாலும் கூறுகின்றன. ஒரே பட்டியலில் இரண்டு அடிப்படைகளைக் கலப்பது தருக்கத்தின் பாலபாடத்திற்கே மாறானது. மாம்பழம், வாழைப்பழம், யாழ்ப்பாணப் பழம், பெண்கள் விற்ற பழம் என்று ஒருவன் தட்டுகளை அடுக்கினால் நாம் நகைப்போம். புத்தகக் கடையில் அதுவே நடக்கும்போது நகைப்பதில்லை.

இக்குழப்பத்தின் விளைவு எல்லோரையும் சமமாகத் தாக்குவதில்லை. சென்னையிலிருந்து எழுதும் ஓர் ஆண், மேல்நடுத்தர வர்க்கத்தினர், கவிதை எழுதினால் அது வெறுமனே கவிதை. சாய்ந்தமருதுவிலிருந்து எழுதும் அனாரின் 'எனக்குக் கவிதை முகம்' 2007இல் வெளிவந்தது. அதற்கோ நான்கு தட்டுகள் காத்திருக்கின்றன: கவிதை, ஈழம், இஸ்லாம், பெண்ணியம். படிவம் ஒன்றை மட்டுமே அனுமதிக்குமாயின் மற்றை மூன்று வாயில்களும் அந்நூலுக்கு அடைபடுகின்றன. கவிதை என்ற தட்டிலேயே அது இல்லாமற் போகுமானால், அடைமொழியற்ற கவிதை என்பது யாருடைய சொத்து என்ற கேள்வி எழுகின்றது. அடைமொழி சூட்டப்படாதவர் இலக்கியம் படைக்கின்றார். சூட்டப்பட்டவர் தம் சமூகத்தின் சாட்சியம் கூறுகின்றார் என்ற பாகுபாடு அங்கே உறைந்து கிடக்கின்றது.

எம்.ஏ. நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' 1984இல் வெளிவந்தது. அப்பதினொருவருள் மூவர் நம் கல்முனைச் சுற்றாடலைச் சேர்ந்தவர்கள்: பெரியநீலாவணை நீலாவணன், பாண்டிருப்பு சண்முகம் சிவலிங்கம், கல்முனைக்குடி நுஃமான். ஒரே நெடுஞ்சாலையில் சில மைல்களுக்குள் அடங்கும் மூன்று ஊர்கள். ஒரே வயல்வெளி மேற்கே, ஒரே கடல் கிழக்கே. அத்தொகுப்பு அவர்களைக் கவிஞர்களாகவே அருகருகே வைத்தது. ஆளின் சமூகத்தைப் பார்த்து அடுக்கும் பட்டியலோ நுஃமானைப் பிரித்தெடுத்து வேறொரு தட்டில் வைக்கும். எல்லைக் கோடுகளைப் பற்றிய பிணக்குகள் கல்முனைக்கு ஏற்கெனவே போதிய அளவு உண்டு. பிரதேச செயலகம் எங்கே முடிகின்றது என்ற பிரச்சினை 2019இல் உண்ணாவிரதம்வரை சென்றதை நாம் மறந்துவிடவில்லை. அக்கோட்டைப் புத்தகத் தட்டுக்குள்ளும் இழுத்துவரவேண்டிய தேவை என்ன?

இவ்வளவிற்கும் வியாபாரியையே குற்றஞ்சாட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அவன் தன் தட்டை எங்கிருந்து பெற்றான்? நம் இலக்கிய வரலாறுகளிலிருந்தும், பாடத்திட்டங்களிலிருந்தும், மாநாட்டு மலர்களிலிருந்துமே பெற்றான். ஈழத்துத் தமிழ் இலக்கியத்தைப் பற்றிய கட்டுரைத் தொகுதியொன்றை எடுத்துப் பாருங்கள். கவிதை, நாவல், நாடகம் என்ற அத்தியாயங்கள் முடிந்தபின் இறுதியிலே 'முஸ்லிம்களின் பங்களிப்பு' என்று ஒன்று வந்து நிற்பதைப் பன்முறை கண்டிருப்பீர்கள். பங்களிப்பு என்ற சொல்லை நாம் ஆராய்ந்ததில்லை. வீட்டுக்குரியவன் பங்களிப்புச் செய்வதில்லை. அவன் வீட்டில் வாழ்கின்றான். வெளியிலிருந்து வருபவரே ஒரு பங்கை அளித்துவிட்டுப் போகின்றார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, தமிழிலே தாலாட்டி, தமிழிலே ஒப்பாரி வைக்கும் மக்களின் எழுத்துக்கு இச்சொல்லைச் சூட்டியவர்களுள் முற்போக்காளராகிய நாமும் உண்டு.

ஆயினும் இச்சொல்லின் வரலாற்றுக்கு அநீதி செய்தலும் ஆகாது. கலாநிதி ம.மு. உவைஸ் தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டைப் பற்றி எழுதிய ஆங்கில ஆராய்ச்சி நூல் 1953இல் வெளிவந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையே இலக்கிய வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடந்துசென்ற காலம் அது. இருட்டில் கிடந்த பெருந்தொகையான நூல்களை உலகறியச் செய்வதற்கு அப்படியொரு தலைப்பு அன்று அவசியமாயிற்று. அது விளக்காகப் பிறந்தது. விளக்கை ஏற்றியவர் அதனைக் கையிற் பிடித்துக்கொண்டு தேடினார். பின்வந்த நாம் அதனை நட்டு வேலிக் கம்பமாக்கினோம். ஒரு வகை எப்பொழுது விளக்கு, எப்பொழுது வேலி என்பதை அதன் பெயரைக்கொண்டு அறிய முடியாது. அது யாருடைய கையில், எந்த நோக்கத்திற்குப் பயன்படுகின்றது என்பதைக்கொண்டே அறிய முடியும்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம்மிடம் உண்டு. 'நீதியே நீ கேள்' எழுதிய இளங்கீரனின் இயற்பெயர் சுபைர். அவரைப் பற்றிப் பேசும்போது முற்போக்கு நாவலாசிரியர் என்றே பேசுகின்றோம். முஸ்லிம் நாவலாசிரியர் என்று தனித் தட்டில் வைப்பது அரிது. அவர் எழுதிய வாழ்க்கையும், அதனை நோக்கிய பார்வையும் அவருடைய இடத்தை நிச்சயித்தன. இது சரியான வகுப்பு. எனினும் ஒரு கேள்வியை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்முனைத் தறிக்காரனின் கதையை எழுதுபவருக்கும் இதே மரியாதையை அளிக்கின்றோமா? அல்லது தம் சமூகத்தை விட்டு விலகி நின்று எழுதினாற்றான் ஒருவர் பொதுத் தட்டுக்கு உரியவராவாரா? அவ்வாறாயின் நம் பொதுமை வெறும் போலி.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். "முஸ்லிம் எழுத்து என்ற தட்டே இல்லையெனில், அதனைத் தேடி வருகின்ற மாணவன் எங்கே போவான்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அடையாளத்தை அழித்துவிடுவது நம் நோக்கமன்று. ஆயின் அடையாளம் இருபுறமும் வெட்டும் என்பதை இலங்கை முஸ்லிம்கள் அனுபவத்தில் அறிவர். பொருளின்மீது பொறிக்கப்பட்ட ஹலால் முத்திரை வாங்குபவருக்கு ஒரு தகவல் மட்டுமே. 2013இல் அம்முத்திரைக்கு எதிராகவே ஒரு பெருங் கிளர்ச்சி மூட்டப்பட்டது; உள்நாட்டுச் சந்தைப் பொருள்களிலிருந்து அதனை விலக்கிக்கொள்ள உலமா சபை இணங்கவேண்டியதாயிற்று. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னர் முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரிக்கும் பிரசாரமும் நடந்தது. ஒருவர் வழி அறியக் கட்டிய பெயர்ப்பலகை இன்னொருவருக்குக் கல்லெறியக் குறியாகலாம். ஆகவே அடையாளம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதில் பயனில்லை. அது நுழைவதற்கான பல வாயில்களுள் ஒன்றா, அல்லது அடைத்து வைக்கும் அறையா என்பதே கேள்வி.

பல வாயில் வைக்கும் வழியைக் காட்டியவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892இற் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் சென்றிருந்தபோது அங்கு ஒரு கடையிலே மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைக் கண்டார். ஒரே துண்டுகளைப் பலவாறாகப் பூட்டிப் பல உருவங்களைச் செய்வதைப் பார்த்த அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. நூலுக்கு ஏற்கெனவே அடித்து வைத்த பெட்டியைத் தேடாமல், அதன் அம்சங்களைத் தனித்தனியே குறித்துப் பின்னர் இணைத்தால் என்ன? அந்த யோசனையின் விளைவே 1933இல் வெளிவந்த கோலன் வகுப்பு முறை. ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து அடிப்படைகளாக அவர் அதனைப் பின்னர் விரித்தார். இன்று இணையக் கடையின் ஓரத்திலுள்ள வடிகட்டிகளும் இதே தத்துவத்திலேயே இயங்குகின்றன. நூல் வணிகத்திற்கென 2013இல் வெளியான தீமா என்ற சர்வதேச வகுப்பு முறையும், நூலின் விடயத்தை வேறாகவும் இடம், மொழி, காலம் ஆகியவற்றை வேறாகவும் குறிக்க வழி செய்கின்றது. கருவி உண்டு, அதனைக் கவனத்துடன் நிரப்பும் கைதான் இல்லை.

ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. எழுதியவர் கண்டியைச் சேர்ந்த முஸ்லிம், கதை நிகழும் பிரதான களம் எகிப்து, மொழி தமிழ், உருவம் நாவல். ஒரே தட்டுத்தான் என்றால் இதற்காக நாம் சண்டையிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அம்சங்களைத் தனித்தனியே குறித்தால் சண்டைக்கு இடமில்லை. ஆரம்பகால நாவலைத் தேடுபவனும், ஈழத்தைத் தேடுபவனும், முஸ்லிம் எழுத்தைத் தேடுபவனும் தத்தம் வாயிலால் வந்து ஒரே நூலின் முன்னே சந்திப்பர்.

இத்தகைய சிந்தனைக்கு நம் மரபிலும் வேர் உண்டு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அந்நிலத்துத் தெய்வம், உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவற்றை உரிப்பொருள் என்றது. உரிப்பொருள் ஒழிந்த பிற ஒரு திணையிலிருந்து இன்னொன்றில் மயங்கி வரலாம் என்றும் இடங்கொடுத்தது. ரங்கநாதன் இதிலிருந்தே தம் முறையைப் பெற்றார் என்று பெருமை பேசவேண்டியதில்லை. நமக்கு வேண்டியது அதன் நியாயம்: ஒரு பாட்டின் திணையை இறுதியாக நிச்சயிப்பது அதன் உயிரான உணர்வு, நிலமும் பூவும் பறவையும் மயங்கலாம். கிழக்கே நெய்தலும் மேற்கே மருதமும் தோளுரசி நிற்கும் இக்கரையோரத்து மக்களுக்கு மயக்கம் என்பது விதிவிலக்கன்று, அன்றாட வாழ்வு. எழுதியவரின் ஊரும் மதமும் பாலும் குறிக்கப்படட்டும். நூலின் இடத்தை நிச்சயிப்பது அந்நூல் எதற்காக உயிர் வாழ்கின்றதோ அதுவாக இருக்கட்டும்.

ஆனால் ரங்கநாதனின் முறையும் தீர்க்காத ஒரு குறை இருக்கின்றது. அதற்கும் ஓர் உதாரணம் இங்கேயே கிடைக்கின்றது. கிழக்கிலங்கை நாட்டார் காதற் பாடல்களை அனார் தொகுத்து 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்ற பெயரில் 2013இல் வெளியிட்டார். படிவத்தின் ஆசிரியர் என்ற கட்டத்தில் தொகுத்தவரின் பெயர் ஏறும்; அது முறையே. ஆயின் வயலிலும் வாசலிலும் இருந்துகொண்டு அக்கவிகளைக் கட்டிய பெயரறியா ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரிய கட்டம் எது? மருதமுனைத் தறியில் இருந்தவருக்குக் கட்டம் இல்லாததுபோலவே இவர்களுக்கும் இல்லை. இழையாகிய நூலும் ஏடாகிய நூலும் இந்த இடத்தில் ஒன்றாகின்றன. உழைத்தவரின் பெயர் கிடைக்காத இடத்தில் ஊரின் பெயரையேனும், தொழிலின் பெயரையேனும் எழுதலாம். எழுதுவதற்கு முதலில் ஒரு கட்டம் வேண்டும். கட்டம் வேண்டுமென்று கேட்பதற்கு மனிதர் வேண்டும்.

அம்மனிதர் ஆசிரியராகவும் மாணவராகவும் இருத்தல் கூடும். பெரிய நிறுவனங்களின் பட்டியலை நாளைக்கே மாற்றிவிட நம்மால் இயலாது. ஆனால் நம் ஊர்களில் தறிக்காரரின் துணிக்கும் சிறு பதிப்பாளரின் நூலுக்கும் இணையத்திலே கடை திறந்துகொடுப்பவர் பெரும்பாலும் நம்மிடம் படித்த பிள்ளைகளே. அவர்கள் படிவத்தின்முன் அமரும்போது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்கலாம். ஒரே பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட அடிப்படைகளைக் கலக்கின்றோமா? ஒருவருக்கு அடைமொழி சூட்டினால் மற்றவருக்கும் சூட்டுகின்றோமா? ஆக்கியவருக்கு ஓர் இடம் வைத்திருக்கின்றோமா? இம்மூன்றும் கணினி அறிவைச் சார்ந்தவையல்ல. தமிழ்ப் பாட வகுப்பிலேயே கற்பிக்கத்தக்கவை.

இக்கரையோரத்தில் எழுதப்பட்ட பத்து நூல்களை மேசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து வரியில் ஒரு பதிவு எழுதுமாறு மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தட்டில் வைப்பது என்று அவர்கள் வாதாடுவார்கள். வாதாடுவதற்காக நூலைத் திறந்து வாசிக்க நேரும். கடைத்தெருவில் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் இடையே நிகழ்ந்த உரையாடல், படிவம் விழுங்கிவிட்ட அந்த உரையாடல், வகுப்பறையில் மறுபடி தொடங்கும். விமர்சனம் என்று நாம் இதுகாறும் அழைத்துவந்ததும் அதனைத்தான்.